எட்டாம் நம்பர் வேண்டாம்

சேபியோ காலாங் இருமினால் குவாகுவா ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவர் இருமல் அவ்வளவு பிரசித்தம். கோரிங் அக்காவின் பில்லியர்ட்ஸ் கூடத்தில் கோலைத் தொடுவதற்கு முன்னால் இருமுவார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்வார். "இன்னிக்கு ஒடம்பு சரியில்ல. ஆடலாமா வேணாமான்னு பாக்குறேன்" என்பார். அதற்குப் பிறகுதான் பேரம் தொடங்கும்.

வலுத்தவன் இளைத்தவனுக்கு ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டும். பார்த்திதா என்று அதற்குப் பேர். மேசையில் ஒன்பது பந்து. ஒன்பதாம் நம்பரைக் குழியில் போட்டவனுக்கு வெற்றி. பார்த்திதா வாங்கியவன் எட்டாம் நம்பரைப் போட்டாலே போதும். ஆகவே அந்தக் கூடத்துக்கு ஆரோக்கியமாக எவனும் வருவதில்லை. ஒருவன் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வருவான். ஒருவன் மாமியாரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பந்தைத் தடவித் தேடுவான். அதை யாரும் பொய் என்று சொல்லமாட்டார்கள். ஆட்டத்தின் முதல் அடியே அதுதான்.

சேபியோவின் தொழில் ஜீப்னி என்னும் சிறு பஸ்களுக்குப் பெயின்ட் அடிப்பது. வண்டியின் பக்கவாட்டில் புனிதர் பேர், முதலாளியின் மகள்கள் பேர், போகும் ஊர் எல்லாம் அவர் கையால் எழுதியவை. ஓரத்துக்கு டேப் ஒட்டமாட்டார். மூச்சை இழுத்து, பாதியை விட்டு, மீதியை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு தூரிகையை ஒரே இழுப்பாக இழுப்பார். கோடு முடிந்த பிறகுதான் மீதி மூச்சு வெளியே வரும். மேசையிலும் அதே மூச்சு. குறி பார்க்கும் விதம் கேட்டால் ஒரே பதில்தான்: "அடிக்க வேண்டிய பந்துக்குப் பின்னால, குழிக்கு நேரா, இல்லாத பந்து ஒண்ண மனசுல ஒட்டி வை. வெள்ளப் பந்த அது இருக்குற எடத்துக்கு அனுப்பு. குழியப் பாக்காத. குழி எங்கயும் ஓடிடாது."

அவருக்குச் சரியான எதிரி கிளேத்தோ சுங்கா. கருவாட்டு வியாபாரி. பெரிய தொப்பை, சின்னக் கை. சேபியோவின் மகள் ஹெர்மிக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கும்பாரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஹெர்மிக்கு அவர் நினோங்.

இளவயதிலிருந்து ஆடுகிறார்கள். சரிசமமாக ஒரு தடவைகூட ஆடியதில்லை. சேபியோ ஜெயித்தால், "எட்டாம் நம்பர் ஜெயிச்சது, நீ இல்ல" என்பார் கிளேத்தோ. தோற்றால், "இருமல் தோத்துச்சு, நான் இல்ல" என்பார் சேபியோ. யார் பெரிய ஆட்டக்காரர் என்பது தீராமலே கிடந்தது.

அந்த வருடம் மழைக்காலம் முடிவதற்குள் சேபியோவின் இருமல் மாறிவிட்டது. பேரம் முடிந்த பிறகும் நிற்கவில்லை. வீட்டில், தனியாக இருக்கும்போதும் வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஹெர்மியையும் அவள் அம்மாவையும் மட்டும் நடைபாதைக்கு அழைத்துச் சொன்னார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், "பழைய நிமோனியாத் தழும்பாம். கஞ்சி குடிச்சுக்கிட்டு சும்மா கெடக்கணுமாம்" என்றாள்.

ஹெர்மியும் தலையாட்டினாள். சான் ஃபெர்னாண்டோவில் ஓர் ஆஸ்பத்திரியில் செயற்கை சுவாசக் கருவிகளைப் பழுது பார்ப்பது அவள் வேலை. மூச்சு அவளுக்குத் திரையில் ஓடும் கோடு. எந்தக் கோடு எங்கே போய் முடியும் என்று தெரியும். அதற்குப் பிறகு கைப்பையில், விரலில் மாட்டிப் பிராணவாயு அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர் இல்லாமல் அவள் ஊருக்கு வந்ததில்லை.

திருவிழாவுக்குச் சில நாள் இருக்கும்போது கோரிங் அக்கா போன் செய்தாள். "உங்கப்பா திருவிழா அன்னிக்கு கிளேத்தோகூட ஆடுறேன்னு பேர் குடுத்திருக்காரு. ஏழு ஆட்டம் யாரு மொதல்ல ஜெயிக்கிறாங்களோ அவங்க. நீ வந்து ஒரு வார்த்த சொல்லு. எனக்கென்னவோ பயமா இருக்கு."

ஹெர்மி கூடத்துக்குள் நுழைந்தபோது சேபியோ தனியாக ஆடிக்கொண்டிருந்தார். தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது. சுலபமான மூன்றாம் நம்பர் குழியின் உதட்டில் பட்டுத் திரும்பியது. மறுபடி வைத்தார். மறுபடி திரும்பியது.

ஹெர்மி பந்தைப் பார்க்கவில்லை. அவர் முதுகைப் பார்த்தாள். மூச்சை இழுக்கிறார், பாதியை விடுகிறார், நிறுத்துகிறார். நிறுத்திய உடனே உள்ளே ஏதோ முட்டுகிறது. இருமல் வருவதற்குள் அடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார். குறி சரி. கோல் முந்திக்கொள்கிறது.

"விரலக் குடுங்க" என்றாள்.

"வந்ததும் விரலா? அப்பாவுக்கு முத்தம் கெடையாதா?"

எண்பத்தொன்பது. அவள் கருவியைச் சட்டென்று கழற்றிப் பையில் போட்டாள்.

"எவ்வளவு?"

"பரவாயில்ல."

"பரவாயில்லன்னு மெஷின்ல எழுதியிருக்கா?"

ஆட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். காரணம் கேட்பார். அந்தக் காரணத்தைச் சொல்லக் கூடாது. அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள்.

"மூச்ச நிறுத்தாதீங்கப்பா."

"நிறுத்தாம எப்படி அடிக்கிறது? கோல் ஆடும்."

"நிறுத்துறதாலதான் முட்டுது. வெளிய விட்டுருங்க. ஒதட்டக் குவிச்சு, சூடான சூப்ப ஊதி ஆத்துற மாதிரி, மெதுவா, முழுசா. அடியில போய்த் தானா ஒரு எடத்துல நிக்கும். நீங்க நிறுத்த வேணாம். அங்க அடிங்க."

"காத்தே இல்லாத எடத்துலயா?"

"ஆமா."

"சுங்கா பய சிரிப்பான். புல்லாங்குழல் வாசிக்கிறியாம்பான்."

ஆனாலும் செய்து பார்த்தார். முதல் தடவை நடுவில் இருமினார். அடுத்த தடவை மூச்சு அடிவரை போனது. தோள் இறங்கியது. முழங்கைக்குக் கீழே கை தானாக ஆடி நின்றது. மூன்றாம் நம்பர் சத்தமே இல்லாமல் விழுந்தது. சேபியோ குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில இதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?" என்றார்.

ஹெர்மி சிரித்தாள். ஆட்டத்தைத் தடுக்க வந்தவள் ஆடச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

திருவிழா அன்று பூசை முடிந்த கையோடு கூட்டம் கோரிங் அக்காவின் கூடத்தில் சேர்ந்துவிட்டது. வெளியே பேண்டு வாத்தியம். உள்ளே பன்றித் தோல் வறுவல், பியர், வியர்வை. எல்லாரும் ஆட்டத்தைவிடப் பேரத்துக்காகத்தான் முன்னாலேயே வந்திருந்தார்கள். சேபியோவுக்கும் கிளேத்தோவுக்கும் நடக்கும் பேரத்தைக் கேட்கப் பக்கத்து ஊர்களிலிருந்துகூட வருவார்கள்.

சேபியோ வந்தார். சட்டை தோளில் தொங்கியது. வாசலில் நின்று இருமினார். நீண்ட இருமல்.

"ஆரம்பிச்சுட்டான்யா!" என்றார் கிளேத்தோ. கூடம் சிரித்தது. "கும்பாரே, இந்த வருஷம் புதுசா இருக்கே. எளச்சு வேற காட்டுறியா? பட்டினி கெடந்தியா எனக்காக?"

"சவப்பெட்டியும் தூக்கிட்டு வந்திருக்கலாம்ணே!" என்று எவனோ கத்தினான். இன்னும் பெரிய சிரிப்பு. ஹெர்மி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, சரி. உசிர வாங்காத" என்றார் கிளேத்தோ. "எட்டாம் நம்பர் தர்றேன். எப்பவும் போல. ஏழாம் நம்பர் கேட்டேன்னா எந்திரிச்சுப் போயிடுவேன்."

சேபியோ கோலின் முனையில் சாக்கட்டியைத் தேய்த்தார். நிதானமாக, சுற்றிச் சுற்றி.

"எட்டாம் நம்பர் வேண்டாம்" என்றார்.

"ஏழு கேக்குறியா? பேராசடா உனக்கு."

"எதுவும் வேண்டாம் கும்பாரே. சமமா ஆடுவோம்."

யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். கோரிங் அக்கா பியர் பாட்டிலைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சேபியோ மறுபடி இருமினார். இந்தத் தடவை கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஹெர்மி தலையை நிமிர்த்தினாள். ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதைவிட, அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. யார் சொன்னது, எப்போதிலிருந்து என்று ஒன்றும் புரியவில்லை. கிளேத்தோ அவளைத் திரும்பிப் பார்த்தார். உண்மையா என்று கண்ணால் கேட்டார். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது.

ஆட்டம் தொடங்கியது. சேபியோ உதட்டைக் குவித்து ஊதினார். புல்லாங்குழல் என்று யாரும் சொல்லவில்லை. மூச்சு அடிக்குப் போய் நிற்கும் இடத்தில் கோல் நகர்ந்தது. இரண்டு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார். ஒவ்வொரு அடிக்கும் ஹெர்மி தானும் மூச்சை விட்டாள். அவர் அடியில் நிற்கும்போது அவளும் நின்றாள். மறுபடி மூச்சு உள்ளே வருமா என்று காத்திருந்தாள். வந்தது. அடுத்த அடி. மறுபடி காத்திருந்தாள்.

மூன்றாவது ஆட்டத்தில் கிளேத்தோவுக்கு ஆறாம் நம்பர் குழியின் வாயிலேயே கிடந்தது. தவறவிட்டார். நான்காவதில் வெள்ளைப் பந்தையே குழிக்குள் அனுப்பினார்.

சேபியோ ஆடப் போகவில்லை. கோலை மேசைமேல் குறுக்காக வைத்தார்.

"என்ன கும்பாரே?"

"கை வழுக்கிடுச்சு" என்றார் கிளேத்தோ.

"முப்பது வருஷமா வழுக்காத கை. நான் கேட்டா எட்டாம் நம்பருக்கே அழுவ. கேக்காதப்ப ஆட்டத்தையே தூக்கிக் குடுக்குறியா?" குரல் பெரிதாக எழவில்லை. காற்று போதவில்லை. "இன்னும் ஒரு தடவ வழுக்கினா நான் வீட்டுக்குப் போறேன். நீ செத்தவன்கூட ஆடுறதா நெனச்சா, இப்பவே போயிடுறேன்."

"அப்பா, உக்காருங்க" என்றாள் ஹெர்மி. ஆக்சிமீட்டர் கையில் வந்திருந்தது.

"அத உள்ள வை."

வைத்தாள்.

கிளேத்தோ உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்க" என்று சொல்வார் போலிருந்தது. "பந்த அடுக்கு" என்று மட்டும் சொன்னார். பிறகு வெறிபிடித்தவர் மாதிரி ஆடினார். கூட்டம் அவரைத் திட்டியது. பின்வரிசையில் ஒரு பெண், "கல்லு நெஞ்சுக்காரன்!" என்றாள். அவர் நிமிரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறினார். சேபியோவும் விடவில்லை. இடையில் பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு ஊதினார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஹெர்மி பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். எழுந்து போய் மேசையின் குறுக்கே நின்றுவிடலாம். மகள்தான், யாரும் கேட்கமாட்டார்கள். அவள் எழவில்லை.

ஆறுக்கு ஆறு.

கடைசி ஆட்டத்தில் சேபியோ எட்டாம் நம்பரைப் போட்டார். சுத்தமான அடி. பழைய பேரப்படி அதோடு அவர் ஜெயித்திருப்பார். கூட்டம் ஒரு கணம் கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டது. ஒன்பது பாக்கி. தூரத்து மூலை, நீண்ட அடி. அவர் குனிந்தார். இல்லாத பந்தை ஒன்பதோடு ஒட்டி வைத்தார். ஊதினார். மூச்சு இறங்கியது. அடிக்குப் போகும் முன்னால் இருமல் வந்துவிட்டது. ஒன்பது குழியின் உதட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

கிளேத்தோவின் முறை. சின்னக் குழந்தைகூடப் போடும் பந்து. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அது தவற வேண்டும் என்று நினைத்தார்கள். ஹெர்மியும் நினைத்தாள். கிளேத்தோ குனிந்தார், நிமிர்ந்தார், சாக்கட்டி தேய்த்தார், மறுபடி குனிந்தார். மேசைக்கு எதிரில் சேபியோ அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் இருந்தது கெஞ்சல் என்பது ஹெர்மிக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. போடு என்று கெஞ்சினார்.

கிளேத்தோ போட்டார்.

கோலைச் சுவரில் சாத்திவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கமே வைத்துக்கொண்டார். தொப்பை குலுங்கியது. சேபியோ மேசையைச் சுற்றி வந்தார். அரை வட்டம் நடக்க வெகுநேரம் ஆனது. கிளேத்தோவின் முதுகில் தட்டினார்.

"ஏய், கருவாடு. நல்லா ஆடுற. ஒத்துக்குறேன்."

"போடா."

"அடுத்த தடவ எட்டாம் நம்பர் குடு. பாரு, இருமல் எவ்வளவு மோசமா இருக்கு."

கிளேத்தோ கண்ணைத் துடைக்காமல் திரும்பினார். "முடியாது. நடிக்கிற நீ."

அப்போதுதான் கூடம் சிரித்தது.

வீட்டுக்கு வாடகை டிரைசிக்கிளில் போனார்கள். சேபியோ ஹெர்மியின் தோளில் சாய்ந்துகொண்டார். அவரிடம் எடையே இல்லை. தானாகவே விரலை நீட்டினார். அவள் மாட்டினாள். எண் வரும்வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்பத்திரண்டு. இந்தத் தடவை அவள் மறைக்கவில்லை.

"எப்பத்துலேருந்து தெரியும்?" என்றாள்.

"உங்கம்மா எனக்குப் பன்றித் தோல் வறுத்துக் குடுத்தா. கொழுப்பு, கொழுப்புன்னு கல்யாணம் ஆனதுலேருந்து தட்டப் புடுங்குனவ. ரெண்டாவது தடவ கேக்காமலே வச்சா." அவர் மூச்சு வாங்கினார். உதட்டைக் குவித்து ஊதினார். தெரு முனையில் ஜெபமாலை மாதா என்று அவர் கையால் எழுதிய ஜீப்னி ஒன்று எதிரே வந்து விலகிப் போனது. "அவகிட்ட சொல்லாத ஹெர்மி. நல்லா மறைக்கிறதா நெனச்சுக்கிட்டிருக்கா."

ஹெர்மி சரி என்றாள். வண்டி தெருவுக்குள் திரும்பியது. வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். மூடி போட்ட தட்டு ஒன்று அவள் கையில் இருந்தது.

"மொகத்தத் தொடச்சுக்க" என்றார் சேபியோ. "ஜெயிச்சுட்டேன்னு சொல்லிக்கலாம்."