ஏழு வாசலில் நாலாவது வாசல்

கிட்டர்மின்ஸ்டரில் ரெஜ் பிட்டவே என்று ஒருத்தன் இருந்தான். பகலில் கம்பளத் தொழிற்சாலையில் தறி ஓட்டுவான். சாயங்காலம் 'பாதரசத் தோட்டம்' என்ற ராக் குழுவில் டிரம்ஸ் அடிப்பான். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் தறிக் கொட்டகைக்குள் தலையை நீட்டியதில்லை. அங்கே ஒரு வாரம் கிடந்தால் கருங்கல்லுக்கும் காது செவிடாகும்.

அது 1972. மூன்று நிமிஷத்தில் பாட்டை முடிப்பவனை இங்கிலாந்தில் மனுஷனாகவே மதிக்காத காலம். பாட்டு என்றால் இசைத்தட்டின் ஒரு பக்கத்தை முழுசாக அடைக்க வேண்டும். கேட்கிறவன் நடுவில் எழுந்து போய், டீ போட்டு, குடித்து, கோப்பையைக் கழுவி, பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டையும் போட்டுவிட்டு வந்தாலும் அதே பாட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பேர் மேதைத்தனம்.

குழுவின் மேதை ஜூலியன் ஃபேன்ஷா. பாதிரியார் வீட்டுப் பிள்ளை. ஆர்கன் வாசிப்பார். அவர் போடும் வெள்ளி அங்கி எவ்வளவு நீளம் என்றால், அவர் நடந்து போன மேடையைத் தனியாகப் பெருக்க வேண்டியதில்லை. 'அண்டத்தின் ஏழு வாசல்கள்' தனக்குத் தியானத்தில் உதித்தது என்று பத்திரிகைக்காரர்களிடம் கண்ணை மூடிச் சொல்வார்.

எப்படி உதித்தது என்று ரெஜ்ஜுக்குத் தெரியும். முடிக்க வக்கில்லாமல் ஜூலியனிடம் ஆறு அரைகுறைப் பாட்டுகள் கிடந்தன. ஒன்று, பிஸ்கட் விளம்பரத்துக்குப் போட்டு, வேண்டாம் என்று திரும்பி வந்த மெட்டு. இன்னொன்று, அப்பா கோவிலில் பாடும் துதிப்பாட்டைக் கடைசியிலிருந்து ஆரம்பத்துக்கு வாசித்தது. ஆறையும் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் ரோமன் எண் போட்டு, வாசல் என்று பேரும் வைத்தார். மூன்றாவதும் அதற்கு அடுத்ததும் மட்டும் ஒட்டுவேனா என்றன. தாளம் வேறு, வேகம் வேறு.

"நடுவுல நீ ஏதாச்சும் அடிச்சு வை, ரெஜ். நாங்க கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறோம்" என்றார் ஜூலியன்.

ரெஜ் அடித்து வைத்தது பதினொன்றாம் நம்பர் தறியை. அந்தத் தறியில் ஒரு சக்கரத்துக்குப் பல் போயிருந்தது. பதினாறு அடி ஒழுங்காக அடிக்கும், பதினேழாவதில் நொண்டும். அதை அப்படியே நாலு நிமிஷம் அடித்தான்.

ஜூலியன் மெய்மறந்து போனார். "ரெஜ்! இது சனி கிரகத்தோட சுழற்சி!"

"இல்லப்பா, சக்கரத்துல பல்லு போயிருக்கு."

"அதை வெளிய சொல்லித் தொலைக்காத."

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். இசைத்தட்டின் அட்டையில் ஒவ்வொரு பாகத்தின் பேருக்குப் பின்னாலும் இயற்றியவன் பேரை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். மெட்டுப் போட்டவனுக்கும் பாட்டெழுதியவனுக்கும்தான் அங்கே இடம். டிரம்ஸ்காரன் பேர் பொடியெழுத்தில், பெட்டி தூக்கியவன் பேருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வரும். ரெஜ்ஜுக்கு வேறு ஆசையே கிடையாது. அடைப்புக்குறிக்குள் 'பிட்டவே' என்று ஒரே ஒரு தடவை வர வேண்டும்.

ஐந்து மாதம் சண்டை. "டிரம்ஸ்ல மெட்டு எங்கப்பா இருக்கு?" என்பார் ஜூலியன். "அப்ப நீயே பதினேழு எண்ணி அடி பாக்கலாம்" என்பான் ரெஜ். ஜூலியனுக்குப் பதிமூன்றுக்கு மேல் எண்ண வராது. கடைசியில் மனமிரங்கினார். அட்டையில் தங்க எழுத்தில் அச்சேறியது: 'நாலாம் வாசல்: சனியின் மூச்சு (பிட்டவே)'.

அட்டை அச்சாகி மூன்று வாரம் கழித்துத்தான், இந்த மேதைகள் பாட்டை இசைத்தட்டில் வெட்டக் கொடுத்தார்கள். வெட்டுகிற ஸ்ப்ராஸ்டன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இருபத்தாறு நிமிஷமா? இருபத்திரண்டுக்கு மேல போனா தட்டுல ஒவ்வொரு கோட்டையும் மயிரிழையா வெட்டணும். உங்க அண்டம் கொசு பாடுற மாதிரி கேக்கும். நாலு நிமிஷத்தைக் கழிச்சிட்டு வாங்க."

எந்த நாலு நிமிஷம் என்று ஜூலியன் யோசிக்கவேயில்லை. ரெஜ்ஜின் பாகத்தைக் கத்தரித்து, அந்த இடத்தில் இரண்டு வினாடி வெற்று ஒலிநாடாவை ஒட்டினார். ரெஜ்ஜிடம் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, பாவம்.

தட்டு வந்ததும் ரெஜ்ஜும் அவன் மனைவி டோரீனும் போட்டுக் கேட்டார்கள்.

"எங்க உன்னோடது?" என்றாள் டோரீன். "நான் தும்முனேனே, அப்பவா வந்துட்டுப் போச்சு?"

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. அட்டையைப் படித்துக்கொண்டே கேட்ட விமர்சகர் ஒருவர், 'நாலாம் வாசலே உச்சம். ஒலியைத் துறந்து மௌனத்தையே இயற்றிய பிட்டவே ஒரு ஞானி' என்று அரைப் பக்கம் எழுதிவிட்டார். கல்லூரி மாணவர்கள் அந்த இரண்டு வினாடியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதில் சனியின் வளையங்கள் கேட்பதாகச் சொல்லி அழுதார்கள். பக்கத்துத் தறிக்காரன் லென் கிட்டின்ஸ் மட்டும், "நானும்தான் தினம் கக்கூஸ்ல பத்து நிமிஷம் கம்முனு இருக்கேன். என் பேரையும் போடச் சொல்லேன்டா" என்றான்.

ஜூலியனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, உன்னை ஞானிங்கறாங்க! இனிமே நீ ஒண்ணும் செய்யாம இரு. பேரு தானா நிக்கும்."

சனிக்கிழமை ஏழு மணிக்கு ஊர் மன்றத்தில் கச்சேரி. எண்ணூறு பேர். மூன்றாவது வரிசையில் டோரீனும் தறிக்காரர்களும். மூன்றாம் வாசல் முடிந்ததும் ஜூலியன் அங்கியை விரித்தார். "நாலாம் வாசல்! இன்னிக்கு ஒரு முழு நிமிஷம்! உள்காதைத் திறங்க!"

அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ரெஜ் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும், ஆயுசுக்கும் ஞானி. மூடிய எண்ணூறு முகங்களையும் பார்த்தான். தன் பேருக்குள் வேறு எவனோ குடியிருப்பது போலிருந்தது. குச்சியை எடுத்து, பலம் கொண்ட மட்டும் அடித்தான்.

முன்வரிசை ஞானிகள் நாற்காலியோடு துள்ளினார்கள். பதினேழாவது அடி நொண்டியதும் லென் எழுந்து நின்று கத்தினான்: "டேய், நம்ம பதினொண்ணாம் நம்பருடா!" தறிக்காரர்கள் அத்தனை பேரும் காலால் தரையை உதைத்துக் கூடவே எண்ணினார்கள். ஐந்தாம் வாசலுக்குள் நுழைய ஜூலியன் மூன்று முறை கையை ஓங்கினார், மூன்று முறையும் தப்பு. ரெஜ்தான், "பதினாலு, பதினஞ்சு, பதினாறு, இப்ப விழுடா!" என்று கூவி அவரை உள்ளே தள்ளினான்.

அடுத்த வாரம் அதே விமர்சகர் எழுதினார்: 'தான் படைத்த மௌனத்தைப் பிட்டவே தானே கெடுத்துக்கொண்டார்.' இரண்டாம் பதிப்பின் அட்டையில் நாலாம் வாசலைத் தூக்கிவிட்டு, ஐந்தை நாலாக்கி, ஆறு வாசலோடு முடித்தார் ஜூலியன். பாட்டின் பேர் மட்டும் ஏழு வாசல்களாகவே இருந்தது. வாங்கியவர்கள் ஒருவரும் எண்ணவில்லை.

புது அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு டோரீன் கேட்டாள், "பேரு போச்சே கண்ணு, வருத்தமா?"

"எண்ணூறு பேரு கேட்டாங்கல்ல."

"கேட்டாங்க. பாதிப் பேரு காதைப் பொத்திக்கிட்டுக் கேட்டாங்க."

"பொத்துறதுக்காவது சத்தம்னு ஒண்ணு வேணும்ல, டோரீன்" என்றான் ரெஜ்.