சமையலறைக் கடிகாரத்தின் பன்னிரண்டு நிமிடங்கள்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கடிகாரம் பன்னிரண்டு நிமிடம் முன்னால் ஓடும். திலக் நகரில் இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இருபத்தாறு வருடமும் அப்படித்தான். பம்பாயில் பல வீடுகளில் இப்படி ஒரு கடிகாரம் உண்டு. ஐந்து நிமிடம் கூட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள், பத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். லோக்கல் வண்டியைப் பிடிப்பதற்காக நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஏமாற்று என்று தெரிந்திருந்தும் கால் வேகமாக நடக்கும்.

பன்னிரண்டு என்பது என் மனைவி வைத்த கணக்கு. ஏன் பத்து இல்லை, பதினைந்து இல்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"பத்துன்னா சட்டுனு கழிச்சுருவீங்க. பன்னெண்டைக் கழிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும்லா. அதுக்குள்ள செருப்ப மாட்டிருவீங்க" என்றாள்.

போன மழைக்காலத்தின் தொடக்கத்தில் அவள் இறந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்று நாள் இருந்தாள். அதன்பிறகு வீட்டில் ஐந்து பேர்: நான், மகன், மருமகள், இரண்டு பேத்திகள். குளியலறை ஒன்று. தண்ணீர் காலை ஐந்தரைக்கு வந்து ஆறே முக்காலுக்கு நின்றுவிடும். அதற்குள் இரண்டு டிரம், நான்கு குடம், எட்டு வாளி நிரம்ப வேண்டும். மகனுக்கு அம்பர்நாத்தில் தொழிற்சாலை வேலை, ஆறு மணிக்கே கிளம்பிவிடுவான். பெரிய பேத்தியின் பள்ளி வேன் ஏழு பத்துக்கு. சின்னவளை ஏழே முக்காலுக்கு நான் நடத்திக் கொண்டுபோய் விட வேண்டும். மருமகள் எட்டு இருபத்தொன்று வண்டியைப் பிடித்தால்தான் கோட்டைப் பக்கம் இருக்கும் அவள் அலுவலகத்தின் வருகைப்பதிவு இயந்திரத்தில் ஒன்பதுக்குள் விரல் வைக்க முடியும். அடுத்த வண்டியில் போனால் ஒன்பது ஐந்து. அந்த இயந்திரத்துக்கு ஒன்பது ஐந்தும் பத்து மணியும் ஒன்றுதான்.

அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வருடம் பிள்ளைகளுக்காக வீட்டில் இருந்துவிட்டு மருமகள் போன வருடம்தான் திரும்ப வேலைக்குப் போனாள். "நீ போ. பிள்ளைங்கள நான் பாத்துக்கிடுதேன், சோத்த நான் பாத்துக்கிடுதேன்" என்று அவளைத் தள்ளிவிட்டதே என் மனைவிதான். ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். அந்த வருடம் பாதி ஓடியிருந்தபோது தள்ளிவிட்டவள் போய்விட்டாள்.

முதல் சில வாரங்கள் வீடு யாரோ தள்ளிவிட்டுக் கையை எடுத்த வண்டி போல் பழைய வேகத்திலேயே ஓடியது. காலையில் தண்ணீர் வருவதற்கு முன் குழாயில் காற்று இரையும். அந்தச் சத்தம் கேட்டதும், படுக்கையிலிருந்து குளியலறை வரை அவள் செருப்புச் சத்தம் ஒன்பது தடவை கேட்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவேன். ஒன்பதாவதற்குப் பிறகு டிரம்மின் மூடி நகர வேண்டும். நகராது. எழுந்து போய் நானே நகர்த்துவேன்.

பிறகு ஒவ்வொன்றாகத் தவறத் தொடங்கியது. சின்னவளின் டப்பாவில் மூடி இல்லை. இஸ்திரி போட்ட சீருடை வீட்டில் ஒன்றுகூட இல்லை. நான் முப்பத்துநான்கு வருடம் ஒரு மில்லின் ஸ்டோர்ஸில் இருந்தவன். எதையும் எழுதி வைத்தால் ஒழுங்குக்கு வரும் என்பது என் நம்பிக்கை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்தொன்பது வரியில் ஒரு அட்டவணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஐந்து நாற்பத்திரண்டுக்குத் தண்ணீர், ஐந்து ஐம்பதுக்குக் குக்கர், ஆறு பத்துக்குப் பெரியவள் குளியல் என்று எட்டு இருபத்திரண்டுக்கு மருமகள் படியிறங்குவது வரை. எல்லாம் சமையலறைக் கடிகாரத்தின்படி. அவள் கழித்துக்கொள்வாள், எட்டுப் பத்து என்று. எட்டு நிமிட நடை. மூன்று நிமிடம் கையில் இருக்கும். நடந்ததற்கு நீலப் பென்சிலில் ஒரு கோடு, நடக்காததற்குச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

அட்டவணை ஒட்டிய சனிக்கிழமை, அதைச் சரியாகத் தொடங்க வேண்டும் என்று என் கைக்கடிகாரத்தைச் சமையலறைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். பத்தரை நிமிடம்தான் கூடுதலாக இருந்தது. என் கடிகாரம்தான் தவறு என்று நினைத்துக் கைபேசியைப் பார்த்தேன். தவறு இல்லை. அடுத்த சனிக்கிழமை பத்து. அதற்கடுத்தது ஒன்பதரை.

எனக்கு விளங்குவதற்கு அந்த மூன்று சனிக்கிழமை ஆயிற்று. கடிகாரம் வாரத்துக்கு அரை நிமிடம் பிந்துகிறது. இன்று நேற்றல்ல, வெகுநாளாகவே பிந்தியிருக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் என் மனைவி ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பாள். துடைக்கும்போது பின்னாலிருக்கும் திருகைத் திருப்பி, குறைந்த அரை நிமிடத்தைச் சேர்த்துவிட்டிருக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை. தீப்பெட்டியில் குச்சி எத்தனை என்று எண்ணுகிற நான் அதைப் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாளும் சனிக்கிழமைதான். அன்றைக்கும் ஏறித் துடைத்தாள்.

ஆக, அந்த முள் ஓடுவது அவள் கடைசியாகத் திருப்பி வைத்த பன்னிரண்டிலிருந்து. அதில் மிச்சம் ஒன்பதரை நிமிடம்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மகன் ஸ்டூலில் ஏறி ஒரே திருப்பில் சரி செய்துவிடுவான், இல்லையென்றால் சிவப்பு எழுத்து மின்னும் புதுக் கடிகாரம் ஒன்றை வாங்கி வருவான். ஒரு நோட்டில் சனிக்கிழமைதோறும் மிச்ச நிமிடத்தை எழுதி வந்தேன். ஒன்பது. எட்டரை. எட்டு. அரை நிமிடம் குறையும்போதெல்லாம் அவள் இன்னும் சற்றுத் தள்ளிப் போய் நிற்பது போல் இருந்தது. பூஜ்யம் ஆகிற நாளில் வீட்டில் என்ன நடக்கும் என்று பயந்தேன். அதற்கு முன்னால் யாரும் தொட்டுவிடுவார்களோ என்று அதைவிடப் பயந்தேன்.

வீட்டில் எல்லோரும் இன்னும் பன்னிரண்டைத்தான் கழித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் உலகமே எங்களை முந்திக்கொண்டு வந்தது. வேன் சீக்கிரம் வருகிறது என்று பெரிய பேத்தி ஓட்டுநரோடு தினமும் சண்டை. "தாத்தா, வேன்வாலா ஆஜ் பி ஜல்தி ஆயா" என்று ஒரு காலில் ஷூவோடு ஓடுவாள். பாத்திரம் கழுவ வரும் பாயியிடம் மருமகள், ஏன் இப்போதெல்லாம் முன்னாலேயே வந்து நிற்கிறாய் என்று கேட்டாள். "மை தோ டைம் பே ஆயீ, தீதி" என்றாள், தான் நேரத்துக்குத்தான் வந்ததாக. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மருமகள் மட்டும் யாரையும் குறை சொல்லவில்லை, தன்னையே சொல்லிக்கொண்டாள். ஸ்டேஷன் போகிற வழியில் நடைபாதையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அதனால் நேரமாகிறது என்றாள். தனக்கு முழங்கால் முன்பு போல் இல்லை என்றாள். வண்டிக்குள் தலை வாரிக்கொள்ளலாம் என்று சீப்பைப் பையில் போட்டுக்கொண்டாள். காலையில் இட்லி தின்பதை விட்டாள். அப்படி மிச்சம் பிடித்த நிமிடங்களையும் கடிகாரம் தின்றது. வீட்டில் நாலு கைபேசி இருக்கிறது. ஆனால் மாவுக் கையும் ஈரக் கையுமாக நிற்பவள் அதை எங்கே தொடுவாள்? தலையை நிமிர்த்திச் சுவரைத்தான் பார்ப்பாள்.

அலுவலகத்தில் லேட் மார்க் ஏறத் தொடங்கியது. அவள் சொல்லமாட்டாள். நான் அவள் திரும்பி வரும் முகத்தைப் பார்த்தே எண்ணிக்கொள்வேன். ஃபிரிட்ஜில் சிவப்புக் குறிகளும் ஏறின. அவற்றைப் போட்டவன் நான்தான். காரணம் தெரிந்துகொண்டே போட்டேன்.

மிச்சம் ஏழு நிமிடம் இருந்த வாரத்தில் ஒருநாள் காலை, தோசைக் கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்து என்னிடம் கேட்டாள்.

"மாமா, இந்தக் கடியாரம் பன்னெண்டு நிமிசந்தான கூட ஓடுது?"

நான் செய்தித்தாளைத் தாழ்த்தினேன்.

"ஆமா. பன்னெண்டுதான்."

"பாத்தீங்களா?"

"உங்க அத்தை வச்சதும்மா. அதுல எப்படித் தப்பும்?"

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நான் கணக்குத் தப்பாகச் சொல்லிப் பழக்கமில்லாதவன் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்டாள். அன்றைக்கும் வண்டி போய்விட்டது.

அன்றிலிருந்து சமையலறைக்குள் போக எனக்குக் கூசியது. கடிகாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடிப்பேன். இறந்தவர்கள் வீட்டைச் சுற்றுவார்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சபையில் அப்படிச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஆனால் பின்னால் அந்த முள் நகரும் சத்தம், ஒரு ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ சொல்லாமல் நிற்பது போல் இருக்கும். என்ன சொல்வாள் என்று தெரியும். அந்தப் பிள்ளைய நான் அனுப்பி வச்சேன், நீங்க என்ன செய்யிதீங்க.

மழை போய், கிறிஸ்துமஸுக்கு முந்தின மாதம் வந்தது. மிச்சம் மூன்று நிமிடம். மருமகள் கையில் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு வந்தாள். இரவு ஜெபத்தில் மகன் வேதம் வாசித்து முடித்ததும் அதை அவனிடம் கொடுத்தாள். அவன் படித்துவிட்டு மடித்தான்.

"அம்மா இருந்த வரைக்கும் எல்லாம் நடந்துச்சு. இப்ப நடக்கல. போதும், விட்டுரு. பிள்ளைங்களும் கஷ்டப்படுதாங்க."

"நான் என்ன செய்யலன்னு சொல்லுங்க, செய்யுதேன்."

"நீ செய்யலன்னு யாரு சொன்னா?"

அவள் ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

ஞாயிறு மதியம், கோவிலுக்குப் போய்வந்து சாப்பிட்டபின், ராஜினாமாக் கடிதத்தைக் கைபேசியில் எழுதினாள். பெரிய மகளைக் கூப்பிட்டு இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா பார் என்றாள். அந்தப் பெண் ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று ஒரு வரி வந்தது. நான் நாற்காலியில் இருந்தேன். குடும்பச் சூழ்நிலை என்பது நான்.

எழுந்து போய் என் நோட்டை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். பேத்தியைப் பால் வாங்க அனுப்பினேன். வீட்டில் பால் இருந்தது.

"இது என்ன மாமா?"

"படி."

பதினாறு வரி. ஒவ்வொரு சனிக்கிழமையும், அதற்கு நேரே நிமிடமும். அவள் விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தாள். ஏழு என்று எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது.

"நான் கேட்டேன்லா மாமா. அந்த வாரந்தான் கேட்டேன்."

"கேட்ட."

"பன்னெண்டுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"இதுல ஏழுன்னு எழுதியிருக்கு."

"ஆமா."

அவள் நோட்டை மூடவில்லை. "எதுக்கு மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவ வச்சது என்றேன். முள்ளை யாரும் தொட்டுவிடக் கூடாது என்று இருந்தேன் என்று சொன்னபோது அது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"எனக்கும்தான் அத்தைய தேடுது" என்றாள். குரல் உயரவில்லை. "என்கிட்ட சொல்லியிருந்தா நானும் உங்ககூட சேந்து பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்லா. பத்து நிமிசம் முன்னக்கூடி கெளம்பியிருப்பேன். எம் முழங்காலுக்குத் தைலம் தேச்சுக்கிட்டுக் கெடந்தேன் மாமா."

பிறகு எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் ஏறுவேன் என்று நினைத்துத்தான் இழுத்திருப்பாள் என்று நான் காலை வைத்தேன். அவள் தடுக்கவில்லை, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். கழற்றிக் கையில் எடுத்தேன். பிசுக்கு விரலோடு ஒட்டியது.

"பன்னெண்டு வைக்கட்டுமா?"

"வேண்டாம். சரியான நேரம் வைங்க. இனி யாரும் ஒண்ணையும் கழிக்க வேண்டாம்."

திருகைத் திருப்பினேன். மூன்று நிமிடம் பின்னால் போயிற்று. அவ்வளவுதான். வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை.

ராஜினாமாவை அவள் அனுப்பவில்லை. திங்கட்கிழமை மேலாளரைப் பார்த்துப் பேசினாள். என்ன சொன்னாள் என்று எங்களிடம் சொல்லவில்லை. என் பெயர் அதில் வந்திருக்காது என்பது மட்டும் எனக்குத் தெரியும். இன்னும் ஆறு மாதம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். பத்தொன்பது வரி அட்டவணையை நான் கிழித்துப் போட்டேன். பேத்திகளோடு உட்கார்ந்து அவள் ஏழு வரியில் வேறொன்று எழுதினாள். அதில் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. முந்தின இரவே டப்பாக்களையும் சீருடைகளையும் எடுத்து வைக்கிறார்கள். தண்ணீர் என் பொறுப்பு. வீடு நடக்கிறது. அவள் எட்டுப் பத்துக்கு இறங்குகிறாள், வண்டியைப் பிடிக்கிறாள்.

அந்த வாரமே ஸ்டேஷன் வாசலில் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். குக்கர் வைக்கும்போதும் கழற்றுவதில்லை.

தினமும் காலையில் நான் வாசலுக்குப் போய் அவள் பையை எடுத்துக் கொடுத்து, "எட்டு ஒன்பதும்மா" என்கிறேன். நான் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. அவள் மணிக்கட்டைத் திருப்பி ஒருமுறை பார்க்கிறாள். பிறகு, "சரி மாமா, போய்ட்டு வாரேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு இறங்குகிறாள். ஒரு நாளாவது பார்க்காமல் போகிறாளா என்று கவனித்து வருகிறேன். இன்றோடு எழுபத்தொரு வேலை நாள். எழுபத்தொரு முறையும் பார்த்தாள்.