கிழட்டு இங்கிலீஷுக்குத் தமிழ் சொன்ன கதை

மொழிபெயர்ப்பாளர் வேலை என்பது, இரண்டு பேர் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாவிட்டால் மூன்றாவது ஆள் ஏச்சு வாங்குகிற வேலை. தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவராக நீங்கள் இருந்திருந்தால் உங்களுக்கும் இது தெரியும். மாமியை டொக்டரிடமும் மச்சானை லோயரிடமும் கூட்டிக்கொண்டு அலைந்திருப்பீர்கள். நான் அதைச் சம்பளத்துக்குச் செய்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதிய இங்கிலீஷால் எனக்குக் கரைச்சல் இருக்கவில்லை. ரிவி பார்த்தே பிடித்துக்கொண்டேன். என்னை வாட்டியது கிழட்டு இங்கிலீஷ். லோயர்மாருக்கும் டொக்டர்மாருக்கும் அதை விட மனம் வராது. எங்கட ஆட்களோ, வெள்ளைக்காரன் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன சொற்களை அப்படியே பொத்திவைத்து, பிளேன் ஏற்றி இங்கே கொண்டுவந்திருந்தார்கள்.

இஷ்யூ

கந்தையா அண்ணை யூனியன்வில்லில் மகளோடு இருந்தார். மனைவி தவறிய அடுத்த வருடம் உயில் எழுத என்னையும் கூட்டிக்கொண்டு லோயரிடம் போனார். லோயர் அண்ணையை விட வயதானவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "எனி இஷ்யூ?" என்றார். நான் வாய் திறக்க முதல் அண்ணை இரண்டு கையையும் விரித்து, "நோ இஷ்யூ! நோ இஷ்யூ!" என்றார். லோயர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார்.

"அப்படியானால் சொத்து உடன்பிறந்தவர்களுக்கா?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அண்ணையின் நல்லூர் வீடு கைமாறிப் போகப் பார்த்தது! பேனையை நிறுத்தச் சொல்லிவிட்டு அண்ணையிடம் திரும்பினேன். சட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பிரச்சினை என்று பொருளில்லை, பெற்ற பிள்ளைகள் என்று பொருள் என்றேன். அண்ணை கொஞ்சம் யோசித்தார்.

"பிள்ளையளையோ கேக்கிறார்? நாலு இருக்கு. நாலும் பிரச்சினைதான்."

டிக்கி

செல்லத்துரை அங்கிளின் காரைப் பின்னால் வந்த வான் ஒன்று இடித்துவிட்டது. இன்சூரன்ஸ் கந்தோரில் விசாரித்தது ஒரு இளம் பெண். காருக்குள் என்ன இருந்தது என்று கேட்டாள். அங்கிள் தன் இங்கிலீஷிலேயே, இரண்டு மூட்டை அரிசியும் கலியாண வீட்டுச் சமையல் கிடாரமும் டிக்கியில் இருந்தன என்றார். காரின் பின்பெட்டியை எங்களுக்கு டிக்கி என்றுதானே தெரியும்? அந்தச் சொல்லின் பழைய பொருள் அது. இந்த நாட்டில் டிக்கி என்றால், குளிருக்குப் பிள்ளைகளின் கழுத்தில் மாட்டிவிடுகிற துணிக் கொலர்.

அவள் தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டு, இதெல்லாம் உண்மையிலேயே அதில் இருந்ததா, அவரா போட்டிருந்தார் என்று என்னிடம் கேட்டாள். நான் அப்படியே தமிழில் கேட்டேன். "ஓம், நான் தனி ஆளாத்தான் தூக்கிப் போட்டனான்" என்றார் அங்கிள், பெருமையாக. நான் விளங்கப்படுத்தி முடித்ததும் அவள் பெரிதாக மூச்சு விட்டாள்.

"இந்த மனிதரின் கழுத்து எப்படி இன்னும் நேராக நிற்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

கொன்ஃபைன்மென்ற்

பார்க்டேல் கிளினிக் ஒன்றில் வயதான டொக்டர் ஒருவர் இருந்தார். முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு ரஞ்சினி வந்திருந்தாள். பக்கத்தில் கணவன் சிவா. அவன் நாட்டில் முகாமில் பிடிபட்டுக் கிடந்து, வெளியே வந்து, கனடாவுக்குத் தப்பி வந்தவன். டொக்டர் நாள்களைக் கணக்குப் பார்த்துவிட்டு, ரஞ்சினியின் கொன்ஃபைன்மென்ற் பெப்ரவரியில் என்றார்.

சிவாவுக்கு அதிகம் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தச் சொல் தெரியும். அவனைப் பூட்டி வைத்திருந்த மாதங்களைப் பற்றி அகதி மனுவில் லோயர் எழுதியபோது போட்ட சொல் அதுதான். அவன் முகம் வெளிறிப்போனது. கதிரையை விட்டு எழும்பி, டொக்டருக்கும் ரஞ்சினிக்கும் நடுவில் போய் நின்றான். "இவவை ஏன் பிடிக்கினம்? என்ன செய்தவ?"

டொக்டர் பயந்துவிட்டார். அந்தக் காலத்தில் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண்களை அறைக்குள்ளேயே வைத்திருப்பார்கள், அதனால் வந்த பெயர் இது என்று நான் சிவாவுக்குச் சொன்னேன். அவன் திரும்பக் கதிரையில் இருந்தான்.  ரஞ்சினி அவன் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். டொக்டர் மெல்லக் குனிந்து, "பேபி. பெப்ரவரி" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிவாவுக்குச் சிரிப்பு வந்தது.

"பிள்ளைப்பேறுக்கு உந்தப் பேரை வைச்சவன் ஒருநாளும் உள்ளுக்கு இருந்திருக்கமாட்டான்" என்றான்.

"பிள்ளையும் பெத்திருக்கமாட்டான்" என்றாள் ரஞ்சினி.

ரிப்பெயர்

கணபதிப்பிள்ளை ஐயா யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோரில் காலமெல்லாம் கிளாக்காக இருந்தவர். அவரும் மனைவியும் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு சின்ன அறையில் இருந்தார்கள். அகதி விசாரணை அன்று, தனக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், இங்கிலீஷிலேயே சொல்லுகிறேன் என்றுவிட்டார். நான் பக்கத்தில் சும்மா இருக்கவேண்டியதுதான். கேட்காமல் வாய் திறக்கக் கூடாது.

சண்டை நெருங்கியதும் வவுனியாவுக்கு ரிப்பெயர் பண்ணினோம் என்றார் ஐயா. பழைய இங்கிலீஷில் அதற்குப் போய்ச் சேர்வது என்று பொருள். விசாரித்தவருக்கு அது தெரியவில்லை. எதை, யாரோடு திருத்தினீர்கள் என்று கேட்டார். "மனைவியோடு, சேர்" என்றார் ஐயா. விசாரித்தவர் முன்னாலிருந்த கோவையைப் புரட்டினார். "நீங்கள் கிளாக் என்றல்லவா இருக்கிறது? மெக்கானிக்கா? வண்டியையா திருத்தினீர்கள்?" ஐயா உண்மையே பேசுகிறவர். "வண்டில் வழியில் உடைந்ததுதான், சேர்" என்றார். விசாரித்தவர் எதையோ எழுதிக் கீழே கோடு போட்டார். கதை முன்னுக்குப் பின் முரணானால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு சொல்லும் விளங்காத ஐயாவின் மனைவி, அன்ரி, பின்னாலிருந்து சிரித்துக்கொண்டிருந்தா.

நான் கையைத் தூக்கினேன். அனுமதி கேட்டு, பொருளைச் சொன்னேன். விசாரித்தவர் எழும்பிப்போய் அலுமாரியிலிருந்து தடித்த அகராதியை எடுத்தார். நெடுநேரம் நின்றபடியே வாசித்தார். வந்து கோடு போட்டதை வெட்டிவிட்டு, தயவுசெய்து தமிழில் இன்னொருமுறை சொல்லுங்கள் என்றார்.

ஐயா தமிழில் சொன்னார். அப்போதுதான், நடக்கமுடியாமல் வழியில் ஒரு கோயில் மடத்தில் தங்கிவிட்ட தமையன் கதைக்குள் வந்தார். இங்கிலீஷில் அந்தத் தமையன் இருக்கவேயில்லை. நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். விசாரித்தவர் அவசரப்படுத்தவில்லை. அன்றைக்கே ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டார். அன்ரி லிஃப்டுக்குள் அழுதா. ஐயா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நல்ல மனுசன், பிள்ளை. இங்கிலீஷ்தான் கொஞ்சம் காணாது."

இத்தனை பழைய சொற்களையும் கரைத்துக் குடித்ததில் எனக்குக் கிடைத்த பலன், இப்போது நான் இங்கிலீஷில் வாய் திறந்தால் என் சொந்தப் பிள்ளைகளே மொழிபெயர்க்க ஆள் தேடுவதுதான்.