ஸ்டெல்லாவுக்காக மாட்டிய படி

என் மனைவி ஸ்டெல்லாவுக்குப் புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக எங்கள் உயரமான காரில் ஏற முடியாமல் தவித்தாள். அதனால் கதவுக்குக் கீழே மாட்டும் சைடு ஸ்டெப் ஒன்றை வாங்கிவந்தேன். ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே வண்டிக்கடியில் படுத்து, நானே போல்ட் போட்டு முடுக்கினேன். விரலெல்லாம் ரத்தம்.

"வா, ஏறிப் பாரு," என்றேன்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். அந்தப் படியின் உயரத்துக்குக்கூடக் கால் எழவில்லை. மறுபடியும் முயன்றாள். பிறகு என்னைப் பிடித்தபடியே மெல்லத் திரும்பி, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லா ஸ்ட்ராங்காத்தான்யா மாட்டிக்கீறே. இன்னாத்துக்கு அழுவுறே? வந்து பக்கத்துல குந்து," என்றாள்.

உட்கார்ந்தேன். வண்டியின் உயரம்தான் பிரச்சினை என்று அதுவரை என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். கையில் ஸ்பேனர் இருந்தது. இனி எதைச் சரிசெய்வது என்றுதான் தெரியவில்லை.