தையல் மிஷினைப் பார்த்து வயிறெரிந்த கதை

சகலருக்கும் அறிவிப்பது: இருபது வருடமாக சாஃப்ட்வேர் எழுதி அண்டசராசரத்தையே ஆட்டிவைக்கும் நான், இன்று தாராவியில் ஒரு தையல் மிஷினைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

தோல் பை தைக்கும் காதர் பாயின் பட்டறை. அவர் ஜும்மா தொழுகைக்குக் கிளம்புவதற்குள், பைகளின் ஸ்டாக் கணக்கு வைக்கும் என் புரோகிராம் ஓடினால் வேலை எனக்கு.

சர்வரைத் திறந்தேன். உலகத்துக்கே சர்வர் விற்கும் அந்த மகா கம்பெனி, "அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்" என்றது. பிறகு ரீஸ்டார்ட். நான் புரோகிராம் எழுதிய டூலும் அதே கம்பெனியுடையதுதான். ஆனால் புது சர்வரோடு ஒத்துப்போகாதாம். அதற்கும் அப்டேட், அதற்கும் ரீஸ்டார்ட்.

பக்கத்தில் பாயின் மிஷின், ஒரு சொட்டு எண்ணெயைக் குடித்துவிட்டு ஒரு லட்சம் பை தைத்தது. அதைச் செய்த கம்பெனியை மூடி வெகுகாலமாம். அதனால்தான் நிம்மதியாக ஓடுகிறது.

"என்ன வே, இந்த வட்டம் காலிபீலியா, சும்மாவே சுத்திக்கிட்டு கெடக்கு?"

"அஞ்சே நிமிஷம் பாய்."

அவர் தொழுதுவிட்டுத் திரும்பியும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"ஒம்ம கம்ப்யூட்டருக்கும் சேத்து துஆ கேட்டேன் வே. ஸ்டாக்கை நான் நோட்டுலயே எழுதிக்கிடுதேன். நீரு டீ குடிச்சிட்டுப் போரும்."

குடித்தேன். மிஷின் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே தைத்தது.

அப்டேட் கேட்காத பொருள் உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? சொல்லுங்கள். எரிய என் வயிற்றில் இன்னும் இடம் பாக்கியிருக்கிறது.