ஏரிச் சாலையோரம் எங்களுக்கு இரண்டு இடம்

இந்த ஊரில் ஒரு பெண்மணி தன் கல்லறைப் பூச்செடிகளுக்குத் தானே தண்ணீர் ஊற்றுகிறார். நம்பமாட்டீர்கள். கண்ணால் பார்த்தும் நானே நம்பவில்லை. அவர் பெயர் டோரிஸ், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கனடாவின் சஸ்காட்செவனில் நாங்கள் குடியிருக்கும் கோதுமைக் கிராமத்திலிருந்து ஏரிக்கரைக் குடியிருப்புகள் வரைக்கும் ஒரு சாலை போகிறது. பேர்தான் பெத்த பேர், நெடுஞ்சாலை; ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். நடுவில் மூன்று கிராமங்கள், மற்றதெல்லாம் வயலும் வானமும். ஏரி முதன்முதலாகக் கண்ணில் படும் மேட்டில் வேலி போட்ட சின்னக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நாங்கள் வந்த முதல் கோடையில், என்னை ஏரிக்குக் கூட்டிப்போன டோரிஸ் அங்கே வண்டியை நிறுத்தி, ஒரு கல்லின் முன்னால் இருந்த செடிகளுக்குத் தண்ணீர் விட்டார். கல்லில் டோரிஸ் என்றிருந்தது. "உங்கள் அம்மாவுக்கும் உங்கள் பெயர்தானா?" என்று கேட்டேன். "அம்மா இல்லை, நான்தான்" என்றார், ரேஷன் கார்டில் தன் பெயரைக் காட்டுகிற மாதிரி. பக்கத்தில் அவர் கணவர் ரேயின் பெயர். இருவருக்கும் பிறந்த வருஷம், ஒரு கோடு, பிறகு வெறும் கல். காலையில்தான் அந்த ரே எங்கள் வீட்டு வாசலில் வந்து தக்காளி கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அத்தோடு விட்டாரா? "எங்களுக்கு அடுத்தாற்போல் இரண்டு இடம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு என்று வாங்கினோம், அவர்கள் கால்கரி நகரத்தோடு போய்விட்டார்கள். நீயும் உன் கணவரும் எடுத்துக்கொள்ளுங்களேன்" என்றார். வாழ வந்த பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது? என் அம்மா உயிரோடு இருந்து காதில் விழுந்திருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். உடனே வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னேன். அதன்பின் பேச்சே இல்லை. இருப்பது ஒரே சாலை, அவர் வண்டி எதிரே வந்தால் நான் வயலைப் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் வாசலில் ஒரு கேக் வைத்துவிட்டுப் போனார். நான் தொடவில்லை. என் வீட்டுக்காரர் ஏழுமலைதான் மானம் ரோஷம் இல்லாமல் முழுவதையும் தின்று தீர்த்தார்.

என்னையும் ஏழுமலையையும் சேர்த்துவைத்ததும் ஒரு குட்டிச் சாலைதான். ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிப் பூந்தமல்லிக்குப் போகும் சாலை. எண்பதுகளில் நான் சேக்காட்டிலிருந்து கிளம்பி, ஆவடியில் பஸ் பிடித்து, பூந்தமல்லியில் ஒரு நர்ஸிங் ஹோமுக்கு வேலைக்குப் போவேன். ஏழுமலை நெமிலிச்சேரிக்காரர், சென்னீர்குப்பத்தில் வெல்டிங் பட்டறையில் வேலை. ஒரே பஸ்ஸில் போவோம், ஆனால் நான் முன்னால், அவர் பின்னால். நாங்கள் கத்தோலிக்கர்கள், அவர்கள் நிலம் நீச்சென்று இருந்த இந்துக் குடும்பம். தெரிந்தவர்கள் யாராவது ஏறிவிட்டால் அவர் படிக்கட்டில் தொங்குவார். விஷயம் வெளியே வந்தபோது இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி அழுதார்கள், ஒரே மாதிரி திட்டினார்கள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு, ஏரிக்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து விழுந்தோம்.

டோரிஸ் மேல் இருந்த கோபம் அடுத்த வருஷம் நான் ஊருக்குப் போகும்வரை ஆறவில்லை. போனது கல்லறைத் திருநாளுக்கு. அப்பா அம்மா போனபின் அண்ணன் மட்டும் என்னோடு ராசியாகியிருந்தார். ஆவடிக் கல்லறைத் தோட்டத்தில் அவர் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த கல்லறைமேல் சாமந்தி பரப்பிக்கொண்டிருந்தேன். எத்தனை சனம், எத்தனை மெழுகுவத்தி. இதுதானே என் இடம் என்று மனசு நிறைந்துவிட்டது. "அண்ணா, நான் செத்தா என்னையும் அம்மாகூடவே வெச்சிடு" என்றேன்.

"நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு இது?" என்று கடிந்துகொண்டார். கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "உன்ன வெச்சிடலாம்மா. அம்மா குழியிலதான் நைனாவயும் வெச்சோம், நீயும் வரலாம். மாப்ளைய இன்னா பண்ணுவ? அவரு ஞானஸ்நானம் வாங்காதவரு, இங்க எடம் இல்ல. அவங்க ஊட்டுல நெமிலிச்சேரிக்குத் தூக்கிக்கினு போயி கொளுத்திடுவாங்க" என்றார். குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னார்.

பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். எனக்கு ஜெபம் வாயில் வரவில்லை. பஸ்ஸில் பயந்து பயந்து தள்ளி உட்கார்ந்தோமே, செத்தும் அப்படித்தானா என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அம்மாவை நினைத்து அழுகிறேன் என்று அண்ணன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

திரும்பி வந்து ஏழுமலையிடம் சொன்னேன். "எனக்கு இன்னா? கொளுத்தினாலும் சரி, பொதைச்சாலும் சரி. நீ எங்கியோ அங்கதான்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். அந்த மேட்டில் யாரும் ஞானஸ்நானம் கேட்பதில்லை. மறுநாளே டோரிஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த இரண்டு இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. "உனக்கு ஏன் கோபம் என்று நானும் ரேயும் பேசாத நாளில்லை. அந்த மூலையில் காற்று அதிகம், அதனால்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ரே சொன்னார்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து வந்த வசந்தத்தில் எங்கள் பெயர்களும் கல்லில் ஏறின.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணா, எடம் கிடைச்சிடுச்சு. ரெண்டு பேருக்கும் சேர்த்து."

"கல்லறைத் திருநாளுக்கு அங்க யாரு மெழுகுவத்தி ஏத்துவாங்க?" என்று கேட்டார்.

"நவம்பர்ல இங்க கல்லே தெரியாது. பனி மூடிடும்."

"அப்ப நான் இங்க ஏத்திடறேன். அம்மா கல்லறையில உனுக்கு ஒண்ணு, மாப்ளைக்கு ஒண்ணு. இந்த வருசத்துலேர்ந்தே."

"உசுரோட கீறோம் அண்ணா."

"தெரியும். நல்லா இருங்க" என்றார். போனை வைத்துவிட்டார்.

சொன்னபடியே செய்கிறார். வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி ஆவடியில் எங்கள் பெயருக்கு இரண்டு மெழுகுவத்திகள் எரிகின்றன. இங்கே எங்கள் பெயர் வெட்டிய கல் பனிக்குள் கிடக்கிறது. அன்று வேலைக்குப் போகும்போது மட்டும் அந்த மேட்டில் வண்டியை மெதுவாக ஓட்டுகிறேன்.