மச்சான் மாற்றிய கட்டை

துப்பாக்கி சுடும் கிளப்பில் ரிப்பேர்காரருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்தவர்கள் யாரும் அவர் வேலையைச் செய்து பார்த்ததில்லை. அடுத்தவன் கெடுத்ததையே காலமெல்லாம் சரிபண்ணிக்கொண்டிருந்தால் எவன் முகம்தான் சிரிக்கும்? திருகாதே என்ற திருகைத் திருகிவிட்டு, "சார், குறி விலகுது" என்று அப்பாவி மாதிரி வந்து நிற்பார்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். இன்றைக்குக் கெடுத்தது சொந்த மச்சான்.

மத்தியானம் மனைவிக்குத் தேர்வுப் போட்டி. அணியில் காலியாக இருப்பது ஒரே இடம். போன வருஷம் மயிரிழையில் தவறவிட்டவள், இந்த முறையும் போனால் துப்பாக்கியையே தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். காலையில் பயிற்சிக்குப் படுத்துச் சுட்டாள். குண்டெல்லாம் இடது மேல் மூலையில் போய் விழுந்தது. அவர் ஓடிவந்து பார்த்தால் துப்பாக்கியின் பேரலைத் தாங்கித் தோளில் பதியும் பழைய மரக்கட்டையைக் காணோம். பளபளவென்று புதுக் கட்டை. பக்கத்தில் மனைவியின் அண்ணன், பேர்போன தச்சர், பெருமையாக நின்றுகொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"என்ன மாப்ள, குண்டு பேரல்லேருந்துதானே வருது? கட்டையிலேருந்தா வருது?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சுடும்போது பேரல் அதிரும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிர்ந்தால்தான் குண்டு ஒரே இடத்துக்குப் போகும். கட்டை மாறினால் துப்பாக்கி அதில் உட்காரும் விதம் மாறும், திருகின் இறுக்கம் மாறும், குண்டு விழும் இடமும் மாறும். இதை யாரிடம் போய்ச் சொல்வது! ஒரு காகிதத்தைப் பேரலுக்கும் மரத்துக்கும் நடுவே விட்டுப் பார்த்தார். பாதி வழியில் நின்றுவிட்டது.

"மரம் பேரலை முட்டுது, மச்சான்!"

"பின்னே? ஊசிகூடப் போகாத மாதிரி இழைச்சிருக்கேன்ல!"

"ஐயோ, அங்க இடைவெளி இருக்கணும்! பழைய கட்டை எங்க?"

மச்சான் தொண்டையைச் செருமினார். "பட்டறையில மேசை ஆடிச்சு. அறுத்து முட்டுக் குடுத்துட்டேன்."

மச்சானையே உட்காரவைத்து, பேரல் படும் இடத்தை உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னார். ஒவ்வொரு தேய்ப்புக்கும் மச்சான் பெருமூச்சு விட்டார். கடைசியில் காகிதம் தடையில்லாமல் ஓடியது. திருகுகளை அளவாக இறுக்கிக் கொடுத்தார். மனைவி சுட்டுச் சுட்டுப் பார்த்துக் குறியைத் திருத்தினாள். அவர் வாய் மட்டும் ஓயவில்லை.

"அண்ணனைத் திட்டாதீங்க. நான்தான் செய்யச் சொன்னேன்" என்றாள்.

"போட்டிக்கு முந்தின நாளா?"

"எப்பவோ சொன்னேன். அண்ணனுக்கு வார்னிஷ் நேத்துதான் காஞ்சது."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"கட்டை நீளம், கழுத்து வலிக்குதுன்னு எத்தனை தடவை சொன்னேன்! குண்டு ஒரே இடத்துலதான விழுது, கட்டையைத் தொடாதேன்னுட்டீங்க."

அவர் கருவிகளைப் பெட்டியில் போட்டு மூடினார்.

போட்டியில் அவள் சுடச்சுட, வழக்கம்போல் குறி அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் உறைத்தது. ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவே கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொள்வாளே, இன்றைக்கு ஒரு தடவைகூடக் கை அங்கே போகவில்லை. இத்தனை வருஷம் அதை அவள் பழக்கம் என்று நினைத்திருந்தார்.

இடம் கிடைத்துவிட்டது. மச்சான் ஊருக்கே கேட்கிற மாதிரி கைதட்டினார். சிரித்துக்கொண்டே வந்த மனைவியிடம் அவர் எத்தனை புள்ளி என்று கேட்கவில்லை.

"கழுத்து எப்படி இருக்கு?"

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கண் கலங்கியது.

"இப்பவாவது கேட்டீங்களே" என்றாள்.